‘ஒருவரும் இல்லை’ என்ற சான்றிதழை ஏற்காதீர்கள்

தமிழ்நாட்டின் மனநல மறுஆய்வு வாரியங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். மனநோயாளிகளின் உரிமைகளைக் காக்க உங்கள் வாரியங்களை உருவாக்கிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறது. நீங்கள் சிறைக்குள் நேரில் செல்லலாம். அங்குள்ள மருத்துவ அலுவலரிடம், “மனநோய் உள்ள இவரை ஏன் இன்னும் இங்கேயே வைத்திருக்கிறீர்கள், சிகிச்சைக்கு ஏன் மாற்றவில்லை?” என்று கேட்கலாம். 103ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு தரும் அதிகாரம் இது. நீதித்துறையிலிருந்து வந்தவர், மனநல மருத்துவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மனநோயைத் தாமே அனுபவித்தவர் அல்லது வீட்டில் ஒருவரைப் பராமரித்தவர் என உங்கள் வாரியத்தில் உட்காருபவர்களை நினைத்துப் பார்க்கிறேன். சிறையைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஒரு குழு அமைய முடியாது. அதைக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இந்த மடல்.

அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவில்தான் சிக்கல் தொடங்குகிறது. சிறை மருத்துவ அலுவலர் காலாண்டுக்கு ஒருமுறை உங்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது: இச்சிறையில் மனநோய் உள்ள சிறைவாசி ஒருவரும் இல்லை என்று அவர் சான்றளிக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் உயர்ந்தது. மனநோயாளி எவரும் சிறையில் கிடக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உறுதிசெய்ய வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் ‘இல்லை’ என்று எழுதுவதற்காகவே ஒரு படிவம் அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்பது அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். இன்மை அறிக்கை என்று அதற்குப் பெயரே இருக்கிறது. சென்ற முறை அனுப்பிய தாளில் தேதியை மாற்றிக் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. ‘இருக்கிறார்’ என்று எழுதினால்தான் விளக்கம் கேட்பார்கள், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழிக்காவல் கேட்டு எழுத வேண்டும், படுக்கை கேட்டு எழுத வேண்டும், நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானோரின் காய்ச்சலையும் காசநோயையும் சர்க்கரையையும் பார்த்தாக வேண்டிய ஒரு மருத்துவர் எந்தத் தாளில் கையெழுத்திடுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறவர்களிடம்தான் என் வருத்தம்.

ஒருவரும் இல்லை என்பது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? 24 நாடுகளில் 33,588 சிறைவாசிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆண்களில் 3.6 சதவீதத்தினருக்கும் பெண்களில் 3.9 சதவீதத்தினருக்கும் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் இருந்தது. தீவிர மனச்சோர்வு ஆண்களில் பத்தில் ஒருவருக்கு, பெண்களில் ஏழில் ஒருவருக்கு. நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையில் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 5,024 பேரைப் பரிசோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. மது, புகையிலை, போதைப் பழக்கங்களையெல்லாம் கழித்த பிறகும் 27.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் மனநோய் உள்ளவர்களாகப் பதிவானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் சேர்த்து நாடு முழுவதும் சிறைகளில் பணியில் இருந்த உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் 25 பேர். தேடிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் நோயாளி கிடைக்கவில்லை என்பதில் என்ன வியப்பு?

கண்ணில் படுபவர் சத்தம் போடுபவர் மட்டும்தான். சுவரோடு பேசுபவர், சட்டையைக் கிழிப்பவர், காவலரை ஏசுபவர் எப்படியாவது மருத்துவர் முன் நிறுத்தப்பட்டுவிடுகிறார். சாப்பாட்டுத் தட்டை வாங்காமல் மூலையில் சுருண்டு கிடப்பவரைப் பிளாக்கில் எல்லாருக்கும் பிடிக்கும், தொந்தரவு தராத ஆள் என்று. உச்ச நீதிமன்றம் அமைத்த சிறைச் சீர்திருத்தக் குழு 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் நிகழ்ந்த இயற்கைக்கு மாறான மரணங்களை எண்ணியது. மொத்தம் 817. அவற்றில் 660 தற்கொலைகள். இந்த 660 பேரில் எத்தனை பேர் இறப்பதற்கு முந்தைய காலாண்டின் ‘ஒருவரும் இல்லை’ என்ற கணக்குக்குள் இருந்தார்கள் என்று யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா?

நான் சிறைவாசிகளுக்குச் சட்ட உதவி செய்யும் வழக்கறிஞர். ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தச் சிறை என்று எழுதப்போவதில்லை. செல்போன் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆனவர். கைதாவதற்கு முன்பு அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு மாதமும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகள் அத்தனையும் தேதியோடு இருக்கும் நோட்டு அவருடைய அம்மாவிடம் இருந்தது. மகனை மனு பார்க்க, அதாவது சிறையில் சந்திக்க, வரும்போதெல்லாம் அந்த நோட்டையும் மாத்திரைப் பொட்டலத்தையும் பையில் எடுத்து வருவார். வெளி மருந்தை உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. சில மாத்திரைகள் சிறைக்குள் போதைக்காகக் கைமாறுகின்றன. ஆனால் வெளி மருந்தை மறுத்தால் அதே மருந்தை உள்ளே கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த நோட்டை வாங்கிப் பார்க்கக்கூட யாரும் இல்லை. “வக்கீலம்மா, மாத்திரை வேண்டாம், இந்த நோட்டையாவது டாக்டரிடம் காட்டிவிடுங்கள்” என்றார் அந்த அம்மா.

மருந்து நின்றால் என்ன நடக்கும் என்பது உங்களில் உள்ள மருத்துவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இளைஞருக்குச் சில வாரங்களில் தூக்கம் போனது. காதில் குரல்கள் திரும்பின. சக சிறைவாசி ஒருவர் தன் சோற்றில் எதையோ கலக்கிறார் என்று அவரை அடித்துவிட்டார். அடிபட்டவரின் கூட்டாளிகள் இவரை அடித்தார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லி இவரைத் தனிச்செல்லில் அடைத்தார்கள். தனிமை அந்த நோயை என்ன செய்யும் என்று அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் ஐ.நா.வின் சிறைவாசிகள் விதிகளில் 45ஆவது விதி, நிலைமை மோசமாகும் என்றால் மனநோய் உள்ளவரைத் தனிமையில் அடைக்கக் கூடாது என்கிறது. 109ஆவது விதி, சிறையில் இருப்பதே நோயை முற்றச் செய்யும் நிலையில் உள்ளவரை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் மனநல மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும் என்கிறது.

மாற்றுவதற்கு உத்தரவு கிடைத்தது. அதன் பிறகும் அவர் போகவில்லை. உத்தரவுக்கும் படுக்கைக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நீங்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

சிறையிலிருந்து ஒருவரை வெளியே அழைத்துச் செல்ல வழிக்காவல் வேண்டும். மாவட்ட ஆயுதப்படையிலிருந்து காவலர்கள் வர வேண்டும். அமைச்சர் வருகை, கோயில் திருவிழா, தேர்தல், போராட்டம் என எது வந்தாலும் முதலில் ரத்தாவது இந்த வழிக்காவல்தான். நெஞ்சுவலி என்றால் எப்படியாவது ஆள் கிடைக்கும். மனநோய் என்றால் நாளை பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம். காவலர்கள் கிடைத்த நாளில் புறநோயாளிகள் பிரிவு மூடும் நேரம் ஆகியிருக்கும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் வார்டில் தயக்கம் இருக்கும். கைதி, அதிலும் மனநோயாளி, கூடவே சீருடைக் காவல், பக்கத்துக் கட்டில்காரர்கள் பயப்படுவார்கள் என்பார்கள். அந்தத் தயக்கத்தையும் நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஏற்கெனவே நிரம்பி வழியும் வார்டுகள் அவை. ஆனால் இந்தத் தயக்கங்கள் எல்லாம் சேர்ந்து முடிவில் ஓர் ஊசியும் பத்து நாள் மாத்திரையும் ஒரு சீட்டுமாக அவரைத் திரும்பவும் அதே செல்லுக்கு அனுப்பிவிடுகின்றன. உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலையில் இருந்தவருக்கு நடந்தது இதுதான்.

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். 1794இல் தொடங்கிய நிறுவனம் அது, மதிப்புக்குரியது, ஆனால் கடும் மனநோய் என்றாலே கீழ்ப்பாக்கம் என்று நினைக்கும் பழக்கம் தென்மாவட்டச் சிறைவாசிக்குப் பெரும் தடையாகிவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அவற்றில் எவை சிறைவாசிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், எத்தனை படுக்கைகளை ஒதுக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், நெருக்கடி வந்த இரவில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பேசியாக வேண்டும்: நடிப்பு. “எல்லாம் நடிப்பு, வேலைக்குப் பயந்து செய்கிறான்” என்று சிறையில் அடிக்கடி கேட்கலாம். நடிப்பவர்கள் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர் மனநல மருத்துவர். எனவே நடிப்பு என்ற சந்தேகமே அவரிடம் அனுப்புவதற்கான காரணமாக வேண்டும். நடைமுறையில் அது அனுப்பாமல் இருப்பதற்கான காரணமாகிவிடுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட மிரட்டுகிறான் என்று சொல்லிச் சலுகைகளைப் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. சிறை மதிலுக்கு உள்ளே அந்தப் பிரிவு செல்லாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சிகிச்சை தாமதமானால் நோய் மட்டும் முற்றுவதில்லை, வழக்கும் நின்றுவிடுகிறது. தம்மைத் தற்காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பவரை விசாரிக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் சொல்கிறது. நியாயமான பாதுகாப்பு அது. ஆனால் சிகிச்சை கிடைக்காதவருக்கு அது முடிவில்லாத வாய்தாவாக மாறுகிறது. உடல்நலத்தோடு இருந்திருந்தால் சில மாதங்களில் தண்டனையோ விடுதலையோ கிடைத்திருக்கும் வழக்கில், நோயாளி ஆண்டுக்கணக்கில் கிடப்பார். அசாமின் மச்சாங் லாலுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1951இல் கைது செய்யப்பட்டுத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். 1967இல் குணமாகிவிட்டார் என்று மருத்துவமனை சொன்ன பிறகு அவரைக் குவாஹாத்தி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்கவில்லை. 2005இல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் போயிருந்தன. அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறையில் இப்படிப் பல பத்தாண்டுகள் அடைபட்டிருந்தவர்களைப் பற்றி 1982இல் வீணா சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 1993இல் ஷீலா பார்சே வழக்கில் கூறியது. இவையெல்லாம் வடக்கே நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. நம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகுதான் அவர்கள் அங்கே கட்டப்பட்டிருந்ததை நாடு கவனித்தது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். கைதான நாளிலேயே பல குடும்பங்கள் அவர்களைக் கைவிட்டுவிடுகின்றன. வழிக்காவலுக்குப் பெண் காவலர் வேண்டும். மருத்துவமனையில் உடன் இருக்க ஆள் கேட்பார்கள், வர யாரும் இருக்க மாட்டார்கள். பிரசவத்துக்குப் பின் வந்த மனநோயில் குழந்தைக்குத் தீங்கு செய்துவிட்டுச் சிறைக்கு வந்த பெண்ணை மற்ற சிறைவாசிகள் நடத்தும் விதத்தைப் பார்த்தால், அவரை ஒரு நாள்கூட அங்கே இருக்க விடக் கூடாது என்று தோன்றும்.

நான் உங்களிடம் கேட்பது புதிய சட்டம் வேண்டும் என்று இல்லை. 103ஆம் பிரிவு யாரை எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறையிலிருந்து மருத்துவமனைக்கு மாற்ற 28 நாள் என்று முதலில் வழிகாட்டு நெறியில் வைத்திருந்தார்கள், அது போதவில்லை என்று கண்டு இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நம் வாரியங்கள் தம் அளவிலேயே ஒரு காலவரம்பைக் கேட்கலாம். மனநோய் என்ற சந்தேகம் பதிவான நாள், மனநல மருத்துவர் பார்த்த நாள், மாற்ற உத்தரவான நாள், உண்மையில் படுக்கையில் சேர்ந்த நாள் என்ற நான்கு தேதிகளும் ஒவ்வொருவருக்கும் காலாண்டு அறிக்கையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தேதிகளை எழுதத் தொடங்கினாலே தாமதம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சிறையில் மனநலப் பிரிவு இல்லாவிட்டால் உங்கள் முன் அனுமதியோடு வெளி மருத்துவமனைக்கு மாற்றலாம் என்கிறது சட்டம். அந்த அனுமதி அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே கிடைக்க ஒரு வழி வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தந்து அருகில் உள்ள மனநல நிலையத்துக்கு அனுப்ப 94ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதை ஒவ்வொரு சிறை மருத்துவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று 31ஆம் பிரிவு அரசுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. யார் யாருக்குத் தரப்பட்டது என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் நேரில் போய்த்தான் பார்க்க முடியும். சிறை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்றினாலே போதும் என்று 103ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது பதிவு பெற்ற மனநல நிலையத்தை அரசு அமைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் நல்லவையே. ஆனால் ஓர் அறையின் கதவில் ‘மனநலப் பிரிவு’ என்று பலகை மாட்டிவிட்டால் சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று ஆகிவிடும் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் செவிலியர் இருக்கிறாரா, மாத்திரையைக் கண் முன்னே விழுங்க வைக்க ஆள் இருக்கிறாரா, லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுபவருக்கு ரத்தப் பரிசோதனை நடக்கிறதா, கட்டிலில் விலங்கு மாட்டுகிறார்களா என்பதெல்லாம் பலகையில் தெரியாது. அந்த நிலையத்தின் படுக்கை எண்ணிக்கையையும் பதிவு விவரத்தையும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடச் செய்யுங்கள்.

மருத்துவமனையிலிருந்து சிறைக்குத் திரும்பி வருபவரையும் மறந்துவிடக் கூடாது. குணமாகி வந்தவர் அதே பிளாக்குக்கு, அதே கூட்டத்துக்கு, மருந்துச் சீட்டு இல்லாமல் வந்து சேர்ந்தால் அடுத்த சில மாதங்களில் திரும்பவும் போக வேண்டியிருக்கும். ஜாமீனில் வெளியே போகும் நாளில் கையில் மாத்திரையும் மருத்துவமனையின் பெயரும் இல்லாமல் வாசலில் விடப்படுகிறவர்களின் கதையும் இதுவே.

நான் சொன்ன இளைஞர் இறுதியில் மருத்துவமனையில் சேர்ந்தார், நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப மனுப் போட்ட பிறகு. சில வாரச் சிகிச்சையில் தம் வழக்கைப் பற்றி என்னிடம் தெளிவாகப் பேசினார். அம்மாவை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை அது. மனுப் போட வழக்கறிஞரும், நோட்டைப் பத்திரப்படுத்தி வைக்க அம்மாவும் இல்லாதவர்களுக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை.

அடுத்த காலாண்டு அறிக்கை வரும்போது, எத்தனை பேரை யார் பரிசோதித்தார்கள் என்ற விவரம் அதில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மத்தியச் சிறைக்குப் போங்கள். தனிச்செல்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சிறைவாசிகளுக்குச் சட்ட உதவி செய்துவரும் ஒரு வழக்கறிஞர்